இன்பாக்ஸ் முழுக்க தேவையில்லாத மெயிலா? எதை அன்சப்ஸ்கிரைப் பண்ணலாம், எதைத் தொடவே கூடாது? முழு விவரம் இதோ!

புது செல்போன் வாங்கும்போதே கடைக்காரர் ஒரு ஜிமெயில் கணக்கையும் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் கோம்பை போன்ற ஊர்களில் பலருக்கு மெயில் முகவரி வந்தது இப்படித்தான். கணக்கு தொடங்கியதோடு சரி, அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒருநாள் திறந்து பார்த்தால், ஆயிரக்கணக்கில் படிக்காத மெயில்கள் குவிந்து கிடக்கும். லோன் வேணுமா, லாட்டரி விழுந்திருக்கு, கேஒய்சி முடியப் போகுது, கூரியர் நிற்குது... இப்படி ஏதேதோ!

"யாரு மெயில் பார்க்கிறா, கிடந்துட்டு போகட்டும்" என்று விட்டுவிடவும் முடியாது. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி நோட்டீஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி பதிவு, பிள்ளைகளின் நீட் தேர்வுத் தகவல் என முக்கியமானவை எல்லாம் இதே முகவரிக்குத்தான் வருகின்றன. குப்பையோடு குப்பையாக அவையும் புதைந்து போகின்றன. அந்தக் குப்பைக்குள்ளேயே பணத்தைப் பறிக்கும் மெயிலும் ஒளிந்திருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• நீங்களே பதிவு செய்த நிறுவனத்தின் விளம்பர மெயிலா? அன்சப்ஸ்கிரைப் பண்ணுங்க.
• யாரென்றே தெரியாதவர் அனுப்பிய விளம்பரமா? திறக்காமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்க.
• வங்கி, போலீஸ், வருமான வரித்துறை பெயரில் அவசரப்படுத்தும் மெயிலா? பதில் போடாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க. 'ரிப்போர்ட் ஃபிஷிங்' கொடுங்க.
• பணம் போய்விட்டதா? அடுத்த நிமிடமே 1930-க்கு போன் பண்ணுங்க.

ஸ்பேம் என்றால் என்ன? எப்போது தொடங்கியது?

கேட்காமலேயே மொத்தமாக அனுப்பப்படும் மெயில்தான் ஸ்பேம். ஜங்க் மெயில் என்றும் சொல்வார்கள். 'ஸ்பேம்' என்பது அமெரிக்காவில் 1937-ல் விற்பனைக்கு வந்த டின் இறைச்சியின் பெயர். பிரிட்டனின் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு 1970-ல் ஒளிபரப்பிய ஒரு காட்சியில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பேம், ஸ்பேம் என்றே பதில் வரும். வேண்டாம் என்றாலும் விடாமல் வருவதற்கு இணைய உலகில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆனால் இந்தத் தொல்லை அந்தப் பெயருக்கும் முந்தையது. 1978 மே மாதம், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் அலுவலர் கேரி துர்க் ஒரு விளம்பர மெயில் அனுப்பினார். சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் போன அந்த மெயில்தான் உலகின் முதல் ஸ்பேமாகக் கருதப்படுகிறது. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனாலும் வியாபாரம் நடந்தது என்று துர்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்றுவரை ஸ்பேம் ஓயாததற்குக் காரணமும் அதுதான். மெயில் அனுப்ப செலவே கிடையாது. லட்சம் பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு லாபம். இரண்டே வருடத்தில் ஸ்பேம் பிரச்னை தீர்ந்துவிடும் என்று 2004-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் சொன்னார். 20 வருடம் கடந்தும் தீரவில்லை. ஜிமெயிலில் மட்டும் தினமும் சுமார் 1,500 கோடி தேவையற்ற மெயில்களைத் தடுத்து நிறுத்துவதாக கூகுள் கூறுகிறது. அதையும் தாண்டி வருவதைத்தான் நாம் இன்பாக்ஸில் பார்க்கிறோம்.

நம்ம முகவரி அவங்களுக்கு எப்படிக் கிடைக்குது?

நாம் கொடுத்துத்தான் பெரும்பாலும் போகிறது. ஜவுளிக்கடை பில் போடும்போது, கண்காட்சி குலுக்கல் கூப்பனில், இலவச வைஃபைக்காக, புதுப்புது ஆப்களில் என்று முகவரியைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்கிறோம். அது கை மாறி, விலை போகிறது.

அடுத்தது தரவுக் கசிவு. 2020-ல் பிக்பாஸ்கெட் நிறுவனத்திலிருந்து சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் தகவல்கள் கசிந்ததாகச் செய்தி வெளியானது. 2021-ல் தங்கள் பயணிகள் சேவை அமைப்பில் நடந்த தாக்குதலில் உலகம் முழுக்க சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாக ஏர் இந்தியா தெரிவித்தது. இப்படி ஒருமுறை வெளியே போன முகவரியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் முகவரி ஏதாவது கசிவில் சிக்கியிருக்கிறதா என்று 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவச இணையதளத்தில் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய தளம் இது.

எங்குமே கொடுக்காத முகவரிக்கும் ஸ்பேம் வரும். பெயரையும் எண்ணையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, குத்துமதிப்பாக முகவரிகளை உருவாக்கி அனுப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் எது உயிரோடு இருக்கும் முகவரி என்பதை, பதில் போடுகிறவர்களும் லிங்க்கைத் தொடுகிறவர்களும்தான் காட்டிக் கொடுக்கிறார்கள்.

மூணு வகை மெயில்... மூணு வகை வைத்தியம்!

தேவையில்லாத மெயில் எல்லாம் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போட்டால் நோய் கூடிவிடும்.

1. நிஜ நிறுவனத்தின் விளம்பரம்: நீங்கள் பொருள் வாங்கிய கடை, பதிவு செய்த வேலைவாய்ப்புத் தளம், டிக்கெட் புக் செய்த ஆப் போன்றவை அனுப்புவது. இதில் மோசடி இல்லை, தொல்லை மட்டும்தான். இதற்கு அன்சப்ஸ்கிரைப் செய்தாலே போதும். மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்க்கைத் தேட வேண்டாம். ஜிமெயிலே அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று காட்டும். அதை அழுத்துவதே பாதுகாப்பு. ஒரு நாளில் 5,000-க்கும் மேற்பட்ட மெயில்களை ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள், ஒரே க்ளிக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும், 2 நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2024-ல் கூகுள் விதி கொண்டுவந்துள்ளது. யாஹூவும் இதேபோல் விதி வகுத்துள்ளது.

2. முகம் தெரியாதவரின் விளம்பரம்: மருந்து, சூதாட்டம், 'வீட்டிலிருந்தே மாதம் லட்சம்' போன்றவை. இவற்றில் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். தொட்டால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கு' என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். மெயிலைத் திறக்காமலேயே தேர்வு செய்து 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுத்தால் போதும்.

3. ஆள்மாறாட்ட மெயில்: வங்கி, கூரியர், வருமான வரித்துறை, போலீஸ் என்று வேஷம் கட்டி வருவது. இதற்குப் பெயர் ஃபிஷிங். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற கதைதான். பாஸ்வேர்டு, கார்டு எண், ஓடிபி ஆகியவையே இவர்களின் குறி. மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' இருந்தால் அதையும், செல்போன் ஆப்பில் அது தென்படாவிட்டால் 'ரிப்போர்ட் ஸ்பேம்' என்பதையும் அழுத்துங்கள்.

டெலீட் பண்ணினா போதாதா?

போதாது. பலரும் செய்வது இதைத்தான். டெலீட் செய்தால் அந்த ஒரு மெயில் மட்டும் போகும். நாளைக்கு அதே ஆள் இன்னொன்று அனுப்புவார்.

கோம்பை என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது அந்த ஊர் பெயரைத் தாங்கிய நாய் இனம். காவலுக்குப் பேர்போனது. ஆனால் எந்தக் காவல் நாயும் வந்த முதல் நாளே வீட்டு ஆள் யார், வெளியாள் யார் என்று பிரித்துப் பார்த்துவிடாது. பழக்கணும். ஸ்பேம் ஃபில்டரும் அப்படித்தான். 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்தும்போது, 'இது வெளியாள்' என்று நீங்கள் அடையாளம் காட்டுகிறீர்கள். அடுத்த முறை அதுபோன்ற மெயிலை ஃபில்டரே வாசலில் நிறுத்தும்.

மெயிலில் வரும் வார்த்தைகளை வைத்து அது குப்பையாக இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறையை, 2002-ல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. இன்றைய ஃபில்டர்கள் வார்த்தைகளோடு, அனுப்பியவரின் முந்தைய நடத்தை, லிங்க் போகும் இடம், எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. அதனால் உங்கள் ஒரு க்ளிக் மற்றவர்களுக்கும் உதவுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில நேரம் வீட்டு ஆளையே நாய் குரைத்து நிறுத்திவிடும். நல்ல மெயில் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடும். ஜிமெயிலில் அந்தப் பெட்டிக்குள் போனவை 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தேர்வு, வேலை, கடன் விண்ணப்பம் என்று ஏதாவது பதிலுக்குக் காத்திருந்தால் தினமும் பாருங்கள். நல்ல மெயில் இருந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுத்தால் இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.

அதேபோல, நீங்களே கேட்டு வாங்கிய மெயிலுக்கு அன்சப்ஸ்கிரைப் செய்யச் சோம்பல்பட்டு ஸ்பேம் போட வேண்டாம். ஒரே நிறுவனத்திலிருந்து வரும் பில், டிக்கெட் போன்றவையும் பிறகு ஸ்பேமுக்குள் போய்விட வாய்ப்பிருக்கிறது.

போலி மெயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

தபால் உறையின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. மெயிலும் அப்படித்தான். 1982-ல் வகுக்கப்பட்ட மெயில் அனுப்பும் நெறிமுறையில், அனுப்புவது உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடே இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் போன்ற சோதனைகள் பின்னாளில் ஒட்டுப் போட்டவை. ஆகவே பெயரைப் பார்த்து நம்பாமல் இவற்றைக் கவனியுங்கள்:

• முகவரியின் கடைசிப் பகுதி: பெயர் 'ஸ்டேட் பேங்க்' என்று இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு ஜிமெயில் முகவரி தெரியும். மத்திய, மாநில அரசுத் துறைகளின் முகவரிகள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்றுதான் முடியும்.

• வங்கியின் இணையதள முகவரி: இந்தியாவில் உள்ள வங்கிகள் தங்கள் இணையதளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படும். லிங்க்கைத் தொட்டதும் திறக்கும் பக்கம் அப்படி முடியவில்லை என்றால் அங்கே எதையும் டைப் செய்யாதீர்கள்.

• அவசரம்: "24 மணி நேரத்தில் கணக்கு முடங்கும்", "இன்றே கடைசி" என்று விரட்டுவது. யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதே மோசடியின் முதல் உத்தி.

• பொதுவான விளிப்பு: உங்கள் பெயருக்குப் பதில் 'அன்பான வாடிக்கையாளரே' என்று மட்டும் இருப்பது. ஆனால் தரவுக் கசிவுகளுக்குப் பிறகு, சரியான பெயரும் போன் எண்ணும் போட்டே போலி மெயில் வருகிறது. பெயர் சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

• எழுத்துப் பிழை: முன்பு பிழை மலிந்த ஆங்கிலத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஏஐ வந்தபிறகு மோசடிக்காரர்களும் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். தமிழிலும் எழுதுகிறார்கள்.

• அட்டாச்மென்ட்: கேட்காமல் வந்த ஜிப் கோப்பு, ஏபிகே கோப்பு எதையும் திறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. மெயிலில் உள்ள லிங்க், போன் எண் எதையும் பயன்படுத்தாமல், வங்கியின் ஆப்பை நீங்களே தனியாகத் திறந்து பாருங்கள். அல்லது பாஸ்புக், ஏடிஎம் கார்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். நிஜமாகவே பிரச்னை இருந்தால் அங்கேயும் தெரியும்.

மிரட்டி வரும் மெயில்கள்

'நீங்கள் ஆபாசப் படம் பார்த்தது தெரியும், 24 மணி நேரத்தில் விளக்கம் தராவிட்டால் கைது' என்று மத்திய புலனாய்வு அமைப்புகள், சைபர் பிரிவு அதிகாரிகளின் பெயரில், முத்திரையோடு கடிதம் இணைத்து மெயில் வருவது வாடிக்கையாகிவிட்டது. இவை போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை எச்சரித்துள்ளது. போலீஸ் மெயிலில் மிரட்டிப் பணம் கேட்காது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்பதை பிரதமர் மோடியும் 2024 அக்டோபர் 27-ம் தேதி மனதின் குரல் நிகழ்ச்சியில் குறிப்பிட்டார்.

இன்னொரு வகை, உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் எழுதி, 'உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு' என்பது. 2018 முதல் உலகம் முழுக்கச் சுற்றும் மோசடி இது. பாஸ்வேர்டு ஏதோ ஒரு பழைய கசிவில் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். பயந்து பணம் அனுப்பாதீங்க. அந்த பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் உடனே மாற்றுங்கள்.

ஏலக்காய், திராட்சை வியாபாரிகள் கவனத்துக்கு...

கோம்பை, தேவாரம், போடி, கம்பம் வட்டாரத்தில் ஏலக்காய்த் தோட்டமும் வியாபாரமும் செய்பவர்கள் ஏராளம். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர், வெளிநாட்டு வியாபாரத் தொடர்புக்காக முகவரியை இணையத்தில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வகை மெயில்கள் ஆபத்தானவை.

முதலாவது, "10 டன் ஏலக்காய் வேணும், முன்பணம் தயார்" என்று வெளிநாட்டு இறக்குமதியாளர் பெயரில் வருவது. இரண்டு மூன்று மெயில் கழித்து பதிவுக் கட்டணம், வங்கிக் கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். நைஜீரியாவின் குற்றவியல் சட்டப் பிரிவு எண்ணை வைத்து '419 மோசடி' என்று உலகம் அழைக்கும் பழைய தந்திரம்தான், சரக்குதான் வேறு. பொருளை வாங்குகிறவர் விற்பவரிடம் கட்டணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. வழக்கமாகச் சரக்கு வாங்கும் வியாபாரியின் மெயில் கணக்கை ஊடுருவி, அல்லது ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று பில்லோடு வரும். கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுப் பேசி, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள்.

ஒரே மெயில்... ரூ.6.46 லட்சம்! தூத்துக்குடி வழக்கு சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு இந்த விவகாரத்தில் இந்திய அளவில் முக்கியமானது. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி கிளையில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் வங்கி பெயரில் அவருக்கு ஒரு மெயில் வந்தது. இணைய வங்கி விவரங்களைத் தராவிட்டால் கணக்கே இல்லாமல் போய்விடும் என்றது அந்த மெயில். வங்கிதான் கேட்கிறது என்று நம்பி அவர் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து ரூ.6.46 லட்சம் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. அதில் ரூ.4.6 லட்சம் மும்பையில் உள்ள கிளையில் எடுக்கப்பட்டுவிட்டது.

ரகசிய விவரத்தைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்பது வங்கியின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அதிகாரியாக இருந்த தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் அவர் 2008-ல் மனு செய்தார். பணம் போன இடமும் அதே வங்கியின் கணக்கு, எடுக்கப்பட்டதும் அதே வங்கியின் கிளை. 2010 ஏப்ரல் 12-ம் தேதி, அவருக்கு ரூ.12.85 லட்சம் இழப்பீடு வழங்க வங்கிக்கு உத்தரவிடப்பட்டது. இந்த வகையில் நாட்டின் முதல் தீர்ப்பு என்று அப்போது பேசப்பட்டது. வங்கி இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

பலருக்கும் தெரியாத வழி இது. ரூ.5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இன்றும் தாக்கல் செய்யலாம். ஆனால் உத்தரவு வருவதற்கே அவருக்கு இரண்டரை ஆண்டுகள் பிடித்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஸ்பேம் அனுப்பினால் சட்டப்படி குற்றம் இல்லையா?

இங்கேதான் ஒரு வினோதம். விளம்பர போன், எஸ்எம்எஸ் வந்தால் 1909-ல் டிஎன்டி பதிவு செய்து தடுக்கலாம். டிராய் அமைப்பின் அந்த விதிகள் போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான். மெயிலுக்குப் பொருந்தாது.

தொல்லை கொடுக்கும் நோக்கத்துடனோ, அனுப்பியவர் யார் என்பதை மறைத்து ஏமாற்றும் நோக்கத்துடனோ மெயில் அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2009-ல் அமலுக்கு வந்த 66ஏ பிரிவின் ஒரு பகுதி அது. ஆனால் அந்தப் பிரிவு ஸ்பேமைத் தடுக்கப் பயன்பட்டதைவிட, சமூக வலைதளத்தில் கருத்து சொன்னவர்கள் மீது பாய்ந்ததற்காகவே பேசப்பட்டது. 2012-ல் புதுச்சேரியில் ட்விட்டர் பதிவு ஒன்றுக்காக ஒருவர் இதே பிரிவில் கைது செய்யப்பட்டார். கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று கூறி 2015 மார்ச் 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. அதோடு மெயில் தொல்லைக்கான பகுதியும் போய்விட்டது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2003-ல் இருந்தும், சிங்கப்பூரில் 2007-ல் இருந்தும் ஸ்பேமுக்குத் தனிச்சட்டம் இருக்கிறது. இந்தியாவில் இல்லை.

ஆனால் மோசடி மெயிலுக்குச் சட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவு, மற்றவரின் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்தினால் 66சி பிரிவு. இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து அமலாகும். விலாசம் உள்ள நிறுவனங்களை இது கட்டுப்படுத்தும். விலாசமே இல்லாத மோசடிக் கும்பலை நாம்தான் வாசலில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

தெரியாம க்ளிக் பண்ணிட்டேன்... இப்ப என்ன பண்ணலாம்?

பதற்றப்பட வேண்டாம். ஆனால் வேகமாகச் செயல்பட வேண்டும்.

1. லிங்க்கை மட்டும் திறந்தீர்கள், எதையும் டைப் செய்யவில்லை என்றால், பக்கத்தை மூடுங்கள். ஏதாவது ஆப் அல்லது கோப்பு டவுன்லோடு ஆகியிருந்தால் திறக்காமல் நீக்குங்கள்.

2. பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். மெயில் செட்டிங்கில் உங்களுக்குத் தெரியாமல் வேறு முகவரிக்கு 'ஃபார்வர்டு' போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

3. கார்டு எண், ஓடிபி கொடுத்துவிட்டால், வங்கியை அழைத்து கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்குங்கள். புகார் எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள்.

4. பணம் போய்விட்டால், 1930-க்கு அழையுங்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன்பே முடக்குவதற்கான ஏற்பாடு இது. தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்திலும் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) பதிவு செய்யலாம். தேனி மாவட்டத்துக்கென சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் முதலில் தேனிக்கு பஸ் ஏற வேண்டாம், முதலில் போன்!

5. மெயிலை டெலீட் செய்யாதீர்கள். அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கியின் எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்து வையுங்கள்.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையே காரணம். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஓடிபி, பாஸ்வேர்டை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான இழப்பு நம் தலையில். சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு.

இன்பாக்ஸ் நிரம்பினால் என்ன ஆகும்?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம். ஜிமெயில், போட்டோ, டிரைவ், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள்தான். அது நிரம்பிவிட்டால் புது மெயில் வராது, அனுப்பவும் முடியாது. வங்கி அனுப்பியதும், தேர்வு வாரியம் அனுப்பியதும் திரும்பிப் போய்விடும். அதனால்:

• கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து 'ப்ரமோஷன்ஸ்' பகுதியை மொத்தமாகத் தேர்வு செய்து நீக்குங்கள். பிறகு 'ட்ராஷ்' பெட்டியையும் காலி செய்யுங்கள்.
• தொடர்ந்து தொல்லை தரும் முகவரியை 'பிளாக்' செய்யுங்கள். அதன்பின் வருபவை நேராக ஸ்பேமுக்குப் போய்விடும்.
• கம்ப்யூட்டரில் 'ஃபில்டர்' உருவாக்கி, முக்கியமான முகவரிகளுக்கு 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று குறித்து வையுங்கள்.
• செட்டிங்கில் 'வெளிப் படங்களைக் காட்டும் முன் கேள்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிப் படத்தை மெயிலில் வைத்து, நீங்கள் திறந்தீர்களா என்று வேவு பார்ப்பதை இது தடுக்கும்.
• இரண்டு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, அரசு, தேர்வுக்கு ஒன்று. கடை, ஆப், கூப்பனுக்கு இன்னொன்று.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பேம் மெயிலைத் திறந்தாலே போன் ஹேக் ஆகிவிடுமா?
பொதுவாக ஆகாது. லிங்க், அட்டாச்மென்ட், பதில் போடுவது ஆகிய மூன்றும்தான் ஆபத்து.

"இனி அனுப்பாதே" என்று திட்டிப் பதில் போடலாமா?
கூடாது. உங்கள் முகவரி உயிரோடு இருப்பதை அதுவே உறுதி செய்துவிடும்.

என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வருகிறதே?
அனுப்புநர் பெயரை யாரும் போலியாகப் போடலாம். 'சென்ட்' பெட்டியில் அந்த மெயில் இல்லை என்றால் பெரும்பாலும் அது போலி. ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்லது.

ரிசர்வ் வங்கி பரிசுப் பணம் தருவதாக மெயில் வந்தால்?
ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு தொடங்குவதும் இல்லை, பரிசு, லாட்டரிப் பணம் தருவதும் இல்லை. அப்படி வருவது அத்தனையும் மோசடி.

வீட்டில் பெரியவர்கள் மெயில் பார்ப்பதே இல்லை. அப்படியே விடலாமா?
விட வேண்டாம். அந்த ஜிமெயில் கணக்குதான் அவர்கள் போனுக்கே சாவி. பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் ஒதுக்கி இன்பாக்ஸைச் சுத்தம் செய்து, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள். 1930 என்ற எண்ணை அவர்கள் போனில் பதிவு செய்து வையுங்கள்.